ரசிகரைப் பைத்தியம் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிகர்கள் மீது மக்களுக்கு இருக்கும் மோகத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'பைத்தியம்' என்ற சொல் அதில் ஏழு இடங்களில் வருகிறது. வேலையற்றவர்கள், விவரமில்லாதவர்கள், விளம்பரத்தில் மயங்கிக் கிடப்பவர்கள் என்று ரசிகர்களை வைதுகொண்டே போகிறார் கட்டுரையாளர். அந்த மோகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு இப்போது 67 வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை விவரமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவருடைய பீரோ கதவின் உட்புறத்தில் ஒரு நடிகரின் படம் ஒட்டியிருக்கிறது. ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்தது. பசை காய்ந்து ஓரமெல்லாம் பழுப்பேறிப்போயிற்று, ஒரு மூலை மட்டும் பெயர்ந்து நிற்கிறது. சிறு வயதில் நாங்கள் கேலி செய்ததால்தான் சுவரில் இருந்த படம் கதவுக்கு உள்ளே போனது. போன மாதம் ஒரு பத்திரத்தைத் தேடி அந்தக் கதவைத் திறந்தேன். அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னுமாக்கா வச்சிருக்கே?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. படத்தில் கண்ணோரமாக விரலை வைத்து, "சிரிக்கிறதுக்கு முன்னாடி இவருக்கு இங்க ஒரு சுருக்கம் விழும். அப்புறம்தான் உதடு அசையும்" என்றார். பெயர்ந்த மூலையை விரலால் அழுத்திவிட்டு, "உன் முகத்தைக்கூட நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லடா" என்றார்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரை முழுவதிலும் கிடைக்காத பதில் எனக்கு அந்த ஒரு பேச்சில் கிடைத்தது. நேரில் ஒருவரைப் பத்து விநாடி உற்றுப் பாருங்கள், "என்ன பார்க்கிறீங்க?" என்பார். அதற்கு முன்பே நாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வோம். கைக்குழந்தையையும் உயிருக்கு உயிரானவரையும்தான் ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். திரையில் அந்தத் தடை கிடையாது. ஒரு முகம் சுவரளவு பெரிதாக வந்து நிற்கிறது. அழுகையை அடக்குகிறது, பொய் சொல்ல வாயெடுத்துத் தயங்குகிறது. நாம் இருட்டில் உட்கார்ந்து கூச்சமே இல்லாமல் பார்க்கிறோம். அவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பழகிய முகத்தை மனசு வேண்டியவர் முகமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அது வெறும் திரை என்று புத்திக்குத் தெரியும்தான். புத்தி வந்து சொல்வதற்குள் பாசம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதை அறிஞர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இல் எழுதிய கட்டுரையில், வானொலியும் தொலைக்காட்சியும் சினிமாவும் எட்ட இருப்பவரோடு நெருக்கத்தை உண்டாக்குகின்றன என்றார்கள். அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஓடும் உறவு என்றும் சொன்னார்கள். ஆனால் இதை நோய் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது அன்றாட உறவுகளோடு சேர்ந்து ஓடுவதுதான் என்றும், வேறு உறவே இல்லாமல் இது மட்டுமே என்று ஆகும்போதுதான் சிக்கல் என்றும் எழுதினார்கள். அக்கா பிள்ளைகளை வளர்த்தார், பாடம் நடத்தினார், எங்கள் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். பீரோவுக்குள் ஒரு படமும் இருந்தது. இதில் எது பைத்தியம்?

மோகம் முழுக்க விளம்பரம் செய்த வேலை என்கிறார் கட்டுரையாளர். சினிமா பிறந்த புதிதில் நடந்தது வேறு. அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் நடிகர்களின் பெயரைப் படக் கம்பெனிகள் வெளியிடவே இல்லை. பெயர் பெற்றுவிட்டால் சம்பளம் கூட்டிக் கேட்பார்களே என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையைப் பார்த்தவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. பயோகிராஃப் கம்பெனியின் படங்களில் வருவதால் 'பயோகிராஃப் பெண்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, அவர் யார் என்று கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். யாரும் தூண்டிவிடாமல், ஒரு சுவரொட்டி கூட இல்லாமல், முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். அதன் பிறகுதான் வியாபாரம் விழித்துக்கொண்டது. 1909இல் கார்ல் லாம்லி என்ற படத் தயாரிப்பாளர் அவரைத் தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 1910இல் லாரன்ஸ் விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. அது பொய் என்று லாம்லியே விளம்பரம் கொடுத்தார். வதந்தியைக் கிளப்பியதும் அவர்தான் என்று சினிமா வரலாற்றில் எழுதுகிறார்கள். பிறகு செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு லாரன்ஸை நேரில் அழைத்து வந்தபோது கூட்டம் நெரிந்தது. அன்பு முதலில் வந்தது, அதை அறுவடை செய்யும் வித்தை பின்னால் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் பழியெல்லாம் ரசிகர் தலையில்தான் விழும். அந்த லாரன்ஸ், துணை வேடங்களுக்கு இறங்கி, 1938இல் தற்கொலை செய்துகொண்டார். 1991 வரை அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. நாம் பார்க்கும் முகத்தில் பாதியை நாமே வரைந்துகொள்கிறோம். 1920 வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் கூலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு, அடுத்துக் காட்டும் காட்சியை மட்டும் மாற்றினார். ஒரு கிண்ணம் சூப் வந்தபோது முகத்தில் பசி தெரிகிறது என்றார்கள். சவப்பெட்டி வந்தபோது என்ன துக்கம் என்று உருகினார்கள். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்களின் பசியும் துக்கமும்தான் அதில் போய்ப் படிந்தன. அக்கா தன் இருபது வயதில் அந்த நடிகரின் முகத்தில் கண்ட பொறுமை யாருடையது? எனக்கென்னவோ அதில் பெரும்பங்கு அக்காவுடையதுதான் என்று தோன்றுகிறது.

அந்தஸ்தைப் பார்க்கும் ஆசை என்றும் ஒரு விளக்கம் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தில் குரங்குகளை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கும் குரங்கின் முகத்தைப் பார்ப்பதற்காகத் தங்களுக்குக் கிடைக்கும் பழச்சாற்றில் கொஞ்சத்தைக் குரங்குகள் விட்டுக்கொடுத்தன. கீழே உள்ள குரங்கின் முகத்தைப் பார்க்க அவற்றுக்குக் கூடுதல் சாறு கொடுக்க வேண்டியிருந்தது. உண்மைதான், இருக்கலாம். ஆனால் பீரோ கதவைத் திறந்து கண்ணோரச் சுருக்கத்தைத் தொடுகிற விரலுக்கு இந்த விளக்கம் போதாது.

தனித்தனியாக வாழும் மனிதர்களுக்கு நடிகர் பொதுச் சொந்தக்காரரும்கூட. முன்பின் தெரியாத இருவர் பேசத் தொடங்க அவர் பெயர் போதும். 1926 ஆகஸ்டில் ருடால்ஃப் வாலன்டினோ 31 வயதில் நியூயார்க்கில் இறந்தபோது பல்லாயிரம் பேர் தெருவில் திரண்டார்கள், நெரிசலில் கண்ணாடிகள் நொறுங்கின. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் தனியாக அழ முடியாமல் அங்கே வந்திருப்பார்கள்!

இந்த அன்பில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1969 முதல் 1976 வரை தொலைக்காட்சியில் கருணையுள்ள டாக்டராக நடித்த ராபர்ட் யங்குக்கு முதல் ஐந்து வருடங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை வைத்திய ஆலோசனை கேட்டவை. மனச்சோர்வோடும் குடியோடும் பல வருடம் போராடியதை யங்கே வெளிப்படையாகச் சொன்னவர். உடம்புக்கு முடியாத ஒருவர் இரவில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதியிருப்பார். அதைப் பிரித்துப் படித்த கையும் அதே அளவு நடுங்கியிருக்கலாம். இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேதனைதான் வருகிறது.

எல்லை தெரியாமல் போனால் உயிரே போகும். 1989 ஜூலையில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகையை, பல வருடம் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒருவன் லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். தனியார் துப்பறிவாளர் ஒருவர் மூலமாக அரசு வாகனப் பதிவேட்டிலிருந்து அவர் முகவரியைப் பெற்றிருந்தான். அடுத்த வருடமே கலிஃபோர்னியா, பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. வாகனப் பதிவேட்டு விவரங்களைக் கண்டபடி கொடுப்பதற்கு 1994இல் நாடு முழுவதற்குமான சட்டம் தடை போட்டது. அங்கே சட்டம் முகவரி வெளியே போகும் வழியிலும் கை வைத்தது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், ரசிகர்களைப் பைத்தியம் என்று திட்டிய அதே இதழின் நடுப்பக்கத்தில் ஒரு நடிகையின் புது வீட்டு வாசல் படம் வந்திருந்தது. தெருவின் பெயர்ப் பலகை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கீழே சீருடையில் பள்ளிக்குப் போகும் அவருடைய மகளின் படம். வாசலைக் காட்டுவதும் நீங்கள், எட்டிப் பார்ப்பவரைப் பைத்தியம் என்பதும் நீங்களா? பல வருட வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். வீட்டு வாசல் படங்களையும் குழந்தைகளின் முகங்களையும் வரும் இதழிலிருந்தே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் நடிப்பைப் பற்றி எழுதுங்கள். ஒரு முகத்துக்குப் பின்னால் இருக்கும் வசனகர்த்தா, ஒளிப்பதிவாளர், குரல் கொடுத்தவர், படத்தொகுப்பாளர் பற்றி எழுதுங்கள். நாங்கள் பார்த்து உருகியதில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் எங்கள் அன்பு குறைந்துவிடாது, கொஞ்சம் தெளியும்.

கட்டுரையாளர் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ரசிகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுதட்டும். அக்காவிடம் கேட்டேன். பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். படத்தையும் காட்டுவாராம், ஆனால் அதைப் போட்டோ எடுக்கக் கூடாதாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்