பாப்பாவுக்கு, படங்களுக்குப் பெயர் வைப்பது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் (2), பழைய போன், பழைய போன் எல்லாம், அப்புறம் பார்க்க. அம்மாவிடம் காட்டிச் சிரித்தேன். "எல்லார் கம்ப்யூட்டரும் இப்படித்தான் கிடக்கும், நீங்கள் அவளைக் கிண்டல் செய்ய வேண்டாம்" என்று உன் பக்கம் நின்றாள். சரி, கேள்விக்கு வருகிறேன். படங்களை ஆள்வாரியாகப் பிரிப்பதா, நிகழ்ச்சிவாரியாகப் பிரிப்பதா என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், தேதிவாரியாக வை.

ஆள்வாரி என்றால் முதல் நாளே மாட்டிக்கொள்வாய். நீயும் தம்பியும் சேர்ந்து நிற்கும் படம் யாருடைய ஃபோல்டருக்குப் போகும்? இரண்டிலும் போட்டால் ஒரே படம் இரண்டு ஃபைலாகிவிடும். ஒன்றில் வெளிச்சத்தைக் கூட்டுவாய், மற்றது அப்படியே இருக்கும். பிறகு எது திருத்தியது, எது திருத்தாதது என்று மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாய். நிகழ்ச்சிவாரியும் அதே கதைதான். 'பிறந்தநாள்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் யாருடையது, எந்த வருடத்தது என்று உள்ளே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேதியில் இந்த வம்பே இல்லை, ஒரு படம் ஒரே ஒரு நொடியில்தான் எடுக்கப்பட்டிருக்கும். ஆளைத் தேடுவதற்கு டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள்கள் முகங்களை அடையாளம் கண்டு காட்டுகின்றன. அந்த வேலையை ஃபோல்டர் தலையில் கட்டாதே.

வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று, அவ்வளவு போதும். உள்ளே இருப்பதன் பெயரும் தேதியிலேயே தொடங்கட்டும்: '2024-03-17 பாட்டி வீடு'. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று போனால் தேடுவதும் சிரமம், விண்டோஸில் ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் கோத்த முழுப் பாதைக்கும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் பல இடங்களில் இருப்பதால் ஒருநாள் காப்பி செய்யும்போது பாதியில் நின்றுவிடும்.

வருடத்தை ஏன் முன்னால் போடச் சொல்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் பெயரை இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுத்தான் வரிசைப்படுத்தும். நாம் கையால் எழுதுகிற மாதிரி நாள் முதலில் வந்தால் 2019 டிசம்பர் முதல் தேதியும் 2023 டிசம்பர் முதல் தேதியும் அடுத்தடுத்து வந்து நிற்கும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையை ஐஎஸ்ஓ 8601 என்ற பெயரில் 1988இலேயே உலகப் பொது முறையாக்கிவிட்டார்கள். மாதத்துக்கு முன்னால் பூஜ்யத்தை விட்டுவிடாதே. '2024-3' என்று எழுதினால் அது '2024-10'க்குப் பின்னால் போய்விடும், 1 என்ற எழுத்து 3க்கு முன்னால் வருவதால். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் எண்களை எண்களாகவே பார்த்துச் சரியாக அடுக்கிக் காட்டும், அதை நம்பி இருந்துவிடாதே. வேறு மென்பொருளில் திறக்கும்போது வரிசை குலைந்திருக்கும்.

அடுத்தது, கேமரா தானாக வைக்கிற பெயர். ஐஎம்ஜி 0417, டிஎஸ்சி 0417 என்று வருகிறதே, அந்த நான்கு இலக்கம் 9999 வரை போய்த் திரும்ப 0001இல் தொடங்கும். நிறைய எடுக்கிறவர்களுக்கு ஒரே பெயரில் இரண்டு படம் வந்தே தீரும். உன் போனிலும் அம்மா போனிலும் ஒரே எண் இருப்பது சர்வசாதாரணம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது 'ரீப்ளேஸ் செய்யட்டுமா' என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று அழுத்தினால் ஒரு படம் போனது போனதுதான். பெயரை மாற்றச் சொல்வதற்கு அழகை விட இதுதான் பெரிய காரணம்.

நான் வைக்கிற பெயர் இப்படி இருக்கும்: 2024-03-17_184205_மொட்டைமாடி-தம்பி-பட்டம். நடுவில் இருப்பது மாலை 6 மணி 42 நிமிடம் 5 நொடி. மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே முக்காற்புள்ளி போடத் தோன்றும், ஆனால் விண்டோஸ் அதை ஃபைல் பெயரில் அனுமதிக்காது. கேள்விக்குறி, சாய்கோடு, நட்சத்திரக்குறி எதுவும் ஆகாது. ஒரே நொடியில் இரண்டு படம் விழுந்திருந்தால் கடைசியில் 1, 2 என்று சேர்த்துக்கொள்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் செய்யச் சொல்லவில்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரத்தை எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர், 1995இல் ஜப்பானியர்கள் வகுத்தது. ஃபைலுக்கு கம்ப்யூட்டர் காட்டுகிற 'உருவான தேதி', 'மாற்றிய தேதி' இரண்டையும் நம்பாதே. விண்டோஸில் ஒரு படத்தை வேறு டிஸ்குக்குக் காப்பி செய்தால் உருவான தேதி இன்றைய தேதி ஆகிவிடும், மாற்றிய தேதி பழையதாகவே இருக்கும். பிறப்பதற்கு முன்பே மாற்றப்பட்ட ஃபைல்! 'எடுத்த தேதி' என்று தனியாக இருப்பதுதான் எக்ஸிஃபிலிருந்து வருவது. அதைப் படித்து மொத்தமாகப் பெயர் மாற்ற டிஜிகேமிலேயே வசதி இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கட்டளை தட்டி வேலை செய்வது பிடிக்கும் என்றால் எக்ஸிஃப்டூல் இருக்கிறது, ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் இலவசமாகத் தருவது. ஆயிரம் படத்துக்குப் பெயர் மாற்ற ஒரு வரி போதும். எதில் செய்தாலும் முதலில் ஒரு காப்பி எடுத்துவைத்துக்கொண்டு அதில் செய்து பார்க்கச் சொல். அவர் கேமராவில் ஒரே படத்தை ராவாகவும் (பதிந்தபடியே இருக்கும் மூல ஃபைல்) ஜேபெக்காகவும் (வழக்கமான சுருக்கிய படம்) சேர்த்து எடுக்கிறார் அல்லவா, அந்த ஜோடிக்கு எப்போதும் ஒரே பெயர் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அநாதை.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள்தான் தலைவலி. சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கி, உள்ளே இருந்த எக்ஸிஃபையும் கழற்றிவிடுகிறது. பெயரில் 20231102 என்று தேதி இருக்கிறதே என்று நினைக்காதே, எடுத்த நாளும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை உன் அத்தை பையன் நேற்று அனுப்பினாலும் நேற்றைய தேதிதான் இருக்கும். முக்கியமான படம் என்றால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கு, முழு அளவில், தேதியோடு வரும்.

இன்னொன்று உன்னை மாதிரி நேர வலயம் தாண்டிப் பறக்கிறவர்களுக்கு. போன் போன இடத்து நேரத்துக்குத் தானாக மாறும், கேமரா பெரும்பாலும் மாறாது. இரண்டிலும் எடுத்த படங்களைச் சேர்த்து அடுக்கினால் விமானம் ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள். எக்ஸிஃபில் நேர வலயத்தைக் குறிக்க இடமே 2016இல்தான் வந்தது. போன இடத்தில் இறங்கி, போனில் நேரம் மாறியதும் அதன் கடிகாரத்தைத் திறந்து, நொடி தெரிகிற மாதிரி, அதைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடு. அந்தப் படத்தில் தெரிகிற நேரத்துக்கும் கேமரா எழுதியிருக்கும் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவையும் அங்கே கேமராவில் எடுத்த மொத்தப் படங்களுக்கும் கூட்டவோ கழிக்கவோ மென்பொருளிடம் சொன்னால் எல்லாம் நேராகிவிடும்.

தேதி வரைக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். சொற்களுக்கு நீதான் வேண்டும். இங்கே பலரும் கண்ணில் தெரிவதையே எழுதுகிறார்கள். 'சிரிக்கும் குழந்தை', 'அழகான மாலை'. படத்தைத் திறந்தாலே அது தெரியுமே. யார், எந்த இடம், எதற்காகக் கூடினார்கள் என்று எழுது. உறவுமுறையை மட்டும் எழுதி விட்டுவிடாதே. நான் 'சித்தப்பா' என்று எழுதினால் அது என் சித்தப்பா, உனக்குச் சின்னத் தாத்தா. நீ படித்தால் உன் சித்தப்பாவைத் தேடுவாய். உன் குட்டி வளர்ந்து படிக்கும்போது அவளுக்கு அது மூன்றாவது ஆள். அதனால் ஆளின் பெயரை எழுது. உறவு வேண்டுமென்றால் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுது.

ஃபைல் பெயரில் நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்பது போன்ற நீளமான விவரத்தைப் படத்துக்குள்ளேயே இருக்கிற விளக்கக் குறிப்பில் எழுதலாம். பத்திரிகைப் புகைப்படங்களுக்காக ஐபிடிசி என்ற அமைப்பு வகுத்த இடம் அது. ஆனால் ஒன்று, சில மென்பொருள்கள் நீ எழுதுவதைத் தங்கள் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொண்டு படத்துக்குள் எழுதுவதில்லை. செட்டிங்ஸில் 'ஃபைலிலும் எழுது' என்பதைத் தேடி டிக் செய்துவிட்டு, ஒரு படத்தை வேறு மென்பொருளில் திறந்து விளக்கம் வருகிறதா என்று பார்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. தாராளமாக வைக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 'தொட்டில்' என்ற சொல்லை எடுத்துக்கொள். நமக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் எட்டு குறி, குறிக்கு 3 பைட் என்று 24 பைட். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு வழக்கமாக 255 பைட்தான் இடம், வீட்டில் வைக்கிற நெட்வொர்க் டிஸ்குகள் பலவற்றிலும் உள்ளே லினக்ஸ்தான் ஓடுகிறது. நீளமான தமிழ்ப் பெயர் அங்கே போனால் இடிக்கும். அப்புறம் அந்த 'தொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் சில தேடல்கள் இரண்டையும் வெவ்வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு பிரித்துத்தான் சேமிக்கும். ஆகவே 'தொட்டில்' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் படம் தொலைந்துவிட்டது என்று பதறாதே, தேதியை வைத்துத் தேடு.

திருத்திய படத்தைப் பழையதன் மேலேயே சேமிக்காதே. அதே பெயருக்குப் பின்னால் 'திருத்தம்1' என்று சேர்த்தால் போதும். 'ஃபைனல்', 'உண்மையான ஃபைனல்' என்று தொடங்கினால் முடிவே இருக்காது. காப்பி எத்தனை என்றால், புகைப்படக்காரர்கள் சொல்லும் 3-2-1 கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. போனும் கிளவுடும் ஒத்திசைந்து ஓடுவதைப் பிரதிக் கணக்கில் சேர்க்காதே, இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

பழசிலிருந்து தொடங்கினால் அலுத்துவிடும். இந்த மாதப் படங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போ, முகங்களும் இடங்களும் நினைவில் இருக்கும்போதே வேலை நடக்கட்டும்.

பழைய ஆல்பங்களை நான் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். அவற்றில் ஸ்கேன் செய்த நாள்தான் உள்ளே பதிந்திருக்கும், அதனால் பெயரைக் கையால்தான் வைக்கிறேன். வருடம் மட்டும் தெரிந்தால் 1987-00-00. தெரியாத இடத்தில் எக்ஸ் எழுத்தைப் போடச் சொல்லி ஐஎஸ்ஓவின் 2019 பதிப்பில் ஒரு முறை வந்திருக்கிறது. பூஜ்யம் போட்டால் அந்த வருடத்தின் தலையிலேயே வந்து நிற்பதால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பின்பக்கத்தில் யாராவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, அதே பெயரோடு 'பின்' என்று சேர்த்திருக்கிறேன்.

இந்த ஸ்கேன்களை உனக்குத் தரும் டிஸ்கில் 'கேட்க வேண்டியவை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் அடையாளம் தெரியாத முகங்கள் அவை. பெரிய அத்தைக்குத்தான் தெரியும். வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேள், அவர் சொல்லச் சொல்ல அங்கேயே பெயரை எழுதிவிடு. மதியத் தூக்கம் முடிந்து நான்கு மணிக்கு மேல் கூப்பிட்டால் நன்றாகப் பேசுவார், உன் நேரத்துக்கு அது எத்தனை மணி என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா