மிளகுக்காக ஓடி வந்தவர்களுக்கு

எங்கள் பூனை மிளகு இப்போது ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள். 3 வாரத்துக்கு முன் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தாள். வாலின் அடியில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. தொட்டால் சூடு, சீறல்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. நானே பிதுக்கிவிடலாம் என்று வெந்நீரும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தேன். உடம்பு கொதிக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமாலில் கால் துண்டையும் உடைத்து வைத்திருந்தேன். உள்ளே வந்த அக்கா அதைப் பார்த்ததும் பிடுங்கி எறிந்தார். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ரத்தச் சிவப்பணுக்களே கெட்டுப்போகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அக்கா, அந்தக் கால் துண்டை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

அடுத்து டாக்டரம்மாவுக்கு. முடியை மழித்துவிட்டுக் காட்டினார்: வீக்கத்தின் மேல் ஊசி முனை போல இரண்டு புள்ளிகள். வேறொரு பூனை கடித்த பல் தடம். தோல் சீக்கிரமே மூடிக்கொள்ள, உள்ளே மாட்டிய கிருமி சில நாளில் சீழ் கட்டிவிடுமாம். மயக்க மருந்து கொடுத்து, கீறிக் கழுவி, ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்.

அத்தோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் தலை முதல் வால் வரை விரலால் தடவிப் பார்த்தார். தோள்பட்டைகளுக்கு நடுவே, 2 வாரத்துக்கு முன் தடுப்பூசி போட்ட இடத்தில், பட்டாணி போல இன்னொன்று! தினமும் தடவிக்கொடுக்கும் எனக்கே அது தட்டுப்படவில்லை. பெரும்பாலும் தானே கரைந்துவிடும் என்றார். ஆனால் 3 மாதம் தாண்டியும் இருந்தாலோ, 2 செ.மீ.க்கு மேல் போனாலோ, ஊசி போட்டு 1 மாதம் ஆன பிறகும் வளர்ந்தாலோ உடனே திசு எடுத்துச் சோதிக்க வேண்டும், அரிதாக அது புற்றாக இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். எங்கே, எப்போது, எவ்வளவு என்று எழுதி வைக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

துண்டில் சுற்றி மிளகைப் பிடித்துக்கொண்ட உதவியாளர் தம்பிக்கும் நன்றி. கையெல்லாம் கீறல், முகம் சுளிக்கவில்லை. காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்போடு அவள் தடுமாறியபோது, இரவெல்லாம் விழித்துக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த என் தங்கைக்கு என்ன சொல்வது! ஞாயிறுதோறும் ஸ்கேலோடு அளப்பதும் அவள்தான்.

டாக்டரம்மா, ஊசி போட்டு 5 வாரம் ஆகிவிட்டது. நேற்றுத் தங்கை அளந்தபோது 4 மி.மீ. கூட இல்லை. வாலடியில் முடி முளைக்கத் தொடங்கிவிட்டது.