சலீத்தாவும் சலீதாவும்

ஜெனோவா, இத்தாலி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அம்மா, அப்பாவை விசாரித்ததாகச் சொல். ஆறு மாதம் ஸ்பானிஷ் படித்திருக்கிறாய், பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்து பிரெஞ்சும் கையில் இருக்கிறது, இரண்டையும் வைத்து இத்தாலியனைச் சமாளித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். பெரும்பாலும் முடியும். ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் இப்போதே பிரித்து வைத்துக்கொள். முதல் நாள் பஸ்ஸிலேயே அது எதிரில் வந்து நிற்கும்.

இங்கே பஸ் கதவில் 'சலீத்தா' என்று ஒட்டியிருந்தால் அது ஏறும் கதவு. மாட்ரிட்டில் 'சலீதா' என்றால் வெளியே போகும் வழி. காதுக்கு ஒரு ஒற்றுதான் வித்தியாசம். ஸ்பானிஷ் பழக்கத்தில் அந்தக் கதவில் இறங்கப் போனால் ஏறுகிற கூட்டத்துக்கு எதிரே மாட்டிக்கொள்வாய். இறங்குவதற்கு 'உஷீத்தா' என்ற கதவைப் பார். கட்டடத்தில் தீ, புகை என்றாலும் தேட வேண்டிய பலகை உஷீத்தாதான்.

இரண்டுக்கும் தாய் ஒருத்தி. லத்தீனில் 'சலீரே' என்றால் குதிப்பது. மேல்நோக்கிக் குதிப்பது இத்தாலியனில் ஏறுவதாயிற்று. வெளியே குதிப்பது ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் வெளியேறுவதாயிற்று. ருமேனியன் மட்டும் குதிப்பதைக் குதிப்பதாகவே வைத்திருக்கிறது. மற்ற மொழிகளில் அந்த வேலையை சலீரேவிலிருந்தே பிறந்த 'சல்தாரே' எடுத்துக்கொண்டது. நீ பிரெஞ்சில் படித்த 'ஸோத்தே' அதன் வழிதான். பிரெஞ்சு 'சலீர்', அதாவது அழுக்காக்குவது, இந்தக் குடும்பமே இல்லை. அது ஜெர்மானிய வேர். அதை இங்கே கொண்டுவந்து ஒட்டாதே.

ஒரே வார்த்தை இப்படிப் பிரியுமா என்று தோன்றினால் நம் 'கிளம்பு'வை நினைத்துப் பார். புகை கிளம்புகிறது என்றால் மேலே. அப்பா கிளம்பிவிட்டார் என்றால் வெளியே. ஸ்பானிஷில் சூரியன் உதிப்பதை 'சாலே எல் சோல்' என்கிறார்கள். சூரியனுக்கு வெளியே வருவதும் மேலே வருவதும் ஒன்றுதானே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதிகம் ஏமாற்றுவது 'சால்கோ'. இரண்டு மொழியிலும் ஓர் எழுத்துகூட மாறாது. ஸ்பானிஷில் 'நான் வெளியே வருகிறேன்', இத்தாலியனில் 'நான் மேலே வருகிறேன்'. நீ மாடியில் இருக்கும்போது கீழே வந்தவர் மணி அடித்து, இன்டர்காமில் 'சால்கோ' என்றால் அவர் உன் வீட்டுக்கு ஏறி வருகிறார். கதவைத் திறந்து வை. நீ இறங்கிப் போவதாக இருந்தால் 'ஷேந்தோ' என்று சொல். வெளியே போகிறேன் என்பதற்கு 'எஸ்கோ'.

ஏறுவதற்கு ஸ்பானிஷில் 'சுபீர்' இருக்கிறதே, அதைச் சொல்லலாமா என்றால், கூடவே கூடாது. இத்தாலியனில் 'சுபீரே' என்றால் ஒரு கஷ்டத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ உள்ளாவது. இந்த ஒரு இடத்தில் உன் பிரெஞ்சு கைகொடுக்கும். அங்கேயும் அதே பொருள்தான். அழுத்தத்தையும் கவனி. 'சூபித்தோ' என்று முதலில் அழுத்தினால் 'உடனே'. 'சுபீத்தோ' என்று நடுவில் அழுத்தினால் 'உள்ளான'.

பஸ், ரயில் என்றால் 'சலீரே சு'. கார் என்றால் 'சலீரே இன்'. ஏறிவிட்டேன் என்பதற்கு 'சோனோ சலீத்தா'. நீ பெண் என்பதால் கடைசியில் ஆகாரம், ஆண் என்றால் 'சலீத்தோ'. படிக்கட்டைச் செயப்படுபொருளாக வைத்துச் சொன்னால் துணைவினை மாறிவிடும்: 'ஓ சலீத்தோ லே ஸ்காலே'. அப்போது பெண்ணுக்கும் ஓகாரம்தான். வகுப்பில் பலரும் தப்பு விடுவது இதில்.

கடையில் 'சாலே' என்று பொட்டலத்தில் பார்த்தால் அது உப்பு. ஒலி ஒன்று, வேர் வேறு. 'ஃபீனோ' பொடி, 'க்ரோஸ்ஸோ' கல்லுப்பு. பாஸ்தா வேகவைக்க 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இங்கே கணக்கு.

கடைசியாக, இந்த ஊர்த் தெருப் பலகைகளிலும் சலீத்தா வரும். 'சலீத்தா பொல்லாயுவோலி' என்றால் கோழி வியாபாரிகள் மேடு. பெயரில் சலீத்தா இருந்தால் ஏற்றம் நிச்சயம், பாதி இடங்களில் படிகளும் இருக்கும். சக்கரப் பெட்டி அங்கே உருளாது. தோளில் மாட்டுகிற பையாகக் கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்