விடிலியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியப்பா, ஆச்சி, கடை அண்ணாச்சி, எங்களைத் தாங்கிப் பிடித்த பனையேறிக் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றோடு இந்தப் பருவத்தின் கருப்பட்டிக் காய்ச்சும் வேலை முடிந்தது. பதநீர் காய்ச்சும் தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இனி மாசியில்தான் என் வீட்டுக்காரர் பனையேறத் தளைநாரைக் காலில் மாட்டுவார். அடுப்பு அணைந்த விடிலியில், பதநீர் காய்ச்சும் இந்தக் குடிசையில், உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறு மாதமாக நெஞ்சில் சேர்ந்து கிடந்ததைச் சொல்ல இன்றுதான் கை ஓய்ந்திருக்கிறது.

2020 பொதுமுடக்கத்தில் திருப்பூரிலிருந்து இந்தச் செம்மணல் தேரிக்குத் திரும்பினோம். பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் அவர் அயர்னிங், நான் செக்கிங். கொண்டுவந்தது இரண்டு பைகளும் ஒரு கடனும். தன் மகன் மரமேறக் கூடாது என்று அரிவாள் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டுப் போனவர் என் மாமனார். அதை எடுத்துத் துடைத்து, முப்பத்தாறு வயதில் இவர் இடுப்பில் கட்டிவிட்டது நீங்கள்தான், பெரியப்பா.

முதல் ஒரு மாதம் பதநீர் சுரக்கும் பூக்குலையான பாளையைத் தொடவே நீங்கள் விடவில்லை. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. நெஞ்சும் கையும் தோலுரிந்து வந்தவருக்கு நல்லெண்ணெய் தடவும்போது உங்கள்மீது எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் கடிப்பு என்ற இடுக்கியை வைத்துப் பாளையை இடுக்கவும் நுனியைச் சீவவும் சொல்லிக்கொடுத்தீர்கள். சீவல் தாள் போல விழ வேண்டும், தடித்து விழுந்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தினமும் கீழே நின்று சீவலைப் பொறுக்கிப் பார்த்தீர்கள். இன்று இவர் முப்பத்தைந்து மரம் ஏறுகிறார். ஒவ்வொரு மரத்திலும் உங்கள் கண் இருக்கிறது.

ஆச்சி, எனக்கு அடுப்படியில் பள்ளிக்கூடம் நடத்தியது நீங்கள். என் முதல் காய்ச்சல் அடிப்பிடித்தது. இரண்டாவது இறுகவே இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்து பதநீர் புளித்துவிட்டது என்று நாக்கில் ஒரு சொட்டு வைத்ததுமே சொன்னீர்கள். எட்டு, பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. அதை வீணாக்கிவிட்டு அழுதேன். நீங்கள் திட்டவில்லை. பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போடவும், தண்ணீரில் ஒரு துளி விட்டு உருண்டு நிற்கிறதா என்று பார்க்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொதியின் சத்தத்தைக் கேட்கவும் பழக்கினீர்கள். இப்போது உங்களுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் வாசல் கட்டிலில் இருந்தபடி வாசனையை வைத்தே "இறக்கு" என்கிறீர்கள். ஒருநாளும் பிசகியதில்லை.

சீனி கலந்து காய்ச்சினால் இரட்டிப்பு மிஞ்சும் என்று ஒரு வியாபாரி முன்பணம் நீட்டிய வருடம் எங்களுக்குப் பெரிய சோதனை. கடன்காரர் வாசலுக்கு வந்துபோன நாள்கள் அவை. அண்ணாச்சி, அப்போது பருவம் முழுக்க மளிகையைக் கணக்கில் எழுதித் தந்து, எங்கள் கருப்பட்டியைக் கடையின் முன்வரிசையில் வைத்தீர்கள். அதனால்தான் அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்க முடிந்தது. 2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்தித்தாளை உரக்கப் படித்துக்காட்டினீர்கள். அன்று இவர் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன்.

மகளைப் பள்ளி விட்ட பிறகும் உடன் வைத்துக்கொண்ட டீச்சருக்கும், ஓலைப்பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலியில் பத்திரமாக இறக்கிவிடும் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

போன வருடம் பங்குனியில் இவர் கால் பிசகிப் படுத்தார். சில நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும், பருவமே போய்விடும். பனையேறி அண்ணன்மாரே, நாங்கள் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் விடிலி வாசலில் பதநீர்க் குடங்கள் இருந்தன. பன்னிரண்டு நாள், உங்கள் மரங்களை முடித்துவிட்டு எங்கள் மரங்களிலும் ஏறினீர்கள். அந்த உடம்பு வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கூலி என்று வாயெடுத்தேன். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனீர்கள்.

மழைக்காலத்தில் இன்னமும் கை இறுகுகிறது. ஓலைப்பெட்டி முடைந்துதான் அந்த மாதங்களைக் கடக்கிறேன். இருந்தாலும் கடன் அடைந்துவிட்டது. ஓட்டு வீடு, இரண்டு அறை, சோறும் கருவாட்டுக் குழம்பும். திருப்பூரில் நாளுக்கு எத்தனை பனியன் பார்த்தேன் என்று எண்ணியிருக்கிறேன்; அவற்றில் ஒன்றையாவது என்னுடையது என்று நினைத்ததில்லை. இங்கே சாயங்காலம் சிரட்டைகளைத் தட்டிக் கருப்பட்டியை வரிசையாக அடுக்கும்போது, இன்றைய பாடு இதோ இருக்கிறது என்று மனம் நிறைகிறது. படுத்ததும் தூக்கம் வருகிறது.

கடைசியாகக் காய்ச்சிய கருப்பட்டியை விற்கவில்லை. வீட்டுக்கு ஒரு கொட்டான், சின்ன ஓலைப்பெட்டி, கட்டி வைத்திருக்கிறேன். நாளை மகள் கொண்டுவருவாள். ஆச்சி, உங்கள் கொட்டானில் மட்டும் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டி. பக்குவம் சரியா என்று வாசனை பார்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

என்றும் நன்றியுடன்,
தேரிக்காட்டு விடிலியிலிருந்து உங்கள் மருமகள்