தாம்பரம் வீட்டுக்குச் சம்பங்கி

சத்தியமங்கலம்,
வைகாசிக் கடைசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். அதைவிடச் சந்தோஷம், வாசலில் கொஞ்சம் மண்ணை விட்டு வைத்தது. உன் வீட்டுக்காரர் அங்கேயும் டைல்ஸ் ஒட்டிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

உயரமாகப் பூக்க வேண்டும், வருஷாவருஷம் புதிதாக நடக் கூடாது, தினமும் கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது என்கிறாய். சம்பங்கி வை. ரோஜாவெல்லாம் உன் பொறுமைக்கு ஆகாது.

இங்கே காட்டுப் பக்கம் போனால் மல்லியும் சம்பங்கியும்தான். விடியுமுன்னே நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு பறிக்கப் போகிறார்கள். முகூர்த்த நாளில் விலை எகிறும், ஆடி பிறந்தால் படுத்துவிடும். வீட்டில் நாலு கிழங்கு வைக்கிற உனக்கு அந்தத் தலைவலி கிடையாது.

அடுக்குச் சம்பங்கி கேட்காதே. பூச்சாடியில் பார்க்க அழகுதான், ஆனால் மணம் ஒற்றையில்தான் தூக்கல். நான் வைத்திருப்பது பிரஜ்வல். பெங்களூரில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த ரகம். மொட்டில் லேசான இளஞ்சிவப்பு இருக்கும், விரிந்தால் வெள்ளை. தண்டு மூன்றடிக்கு எழும்பும். கீழ் மொட்டிலிருந்து மேலே வரிசையாக விரியும் என்பதால் ஒரு தண்டே பல நாள் வரும். பொழுது சாய்ந்த பிறகுதான் மணம் கூடும். பறித்து வைத்தாலும் விடாமல் மணக்கும்.

நம் மண்ணின் பூ மாதிரி மாலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே, பிறப்பு மெக்சிகோவில். தாவரவியல்காரர்கள் இப்போது இதை ஆனைக்கற்றாழை இருக்கும் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் சரிதான். ஆனைக்கற்றாழை ஒரு தடவை பூத்துவிட்டுச் சாகும். இங்கேயும் பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. வாழைக்குக் கன்று மாதிரி, பக்கத்தில் விடும் குட்டிக் கிழங்குகள்தான் அடுத்தடுத்துப் பூக்கும். அதனால் முதல் பூ முடிந்ததும் தோண்டிப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும், அதற்குத்தான் சொல்கிறேன். பூத்து முடிந்த தண்டை மட்டும் அடியோடு வெட்டு. இரண்டு மூன்று வருஷம் போய், குத்து நெருங்கிப் பூ சிறுத்தால் அப்போது பிரித்து நடு.

நடுவதற்கு ஆனி, ஆடி நல்லது. 25, 30 கிராம் கிழங்காகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஒரு சாண் இடைவெளி போதும், ஆழமாகப் புதைக்காதே. வெயில் நன்றாக விழ வேண்டும். மூன்று நாலு மாதத்தில் தண்டு வந்துவிடும். எனக்குக் கவலை உங்கள் ஐப்பசி மழைதான். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். பாத்தி வேண்டாம், மேடு கட்டு. மண்ணில் வேப்பம்புண்ணாக்கைக் கலந்துவிடு, வேரில் முடிச்சு விழ வைக்கும் நூற்புழு இதற்குப் பெரிய எதிரி. ஓரமாக நாலு செண்டுமல்லியும் போடு, அதற்கும் அந்தப் புழு அடங்கும்.

மணத்துக்குப் பாம்பு வரும் என்று உன் மாமியார் சொல்வார். எலியும் தவளையும் இருந்தால்தான் பாம்பு வரும் என்று சொல். கேட்க மாட்டார், சொல்லிவை.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குந்தி உட்கார முடியாததால் ஸ்டூலைப் போட்டுக் களை எடுக்கிறேன். இவர் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பெரியவன் ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். உன் மருமகளுக்கு எந்த மாதம் என்று எழுதவே இல்லையே?

என் தம்பி அடுத்த வாரம் சென்னை வருகிறான். கிழங்கை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் அந்த மண்ணில் கிடக்கும் கட்டட ஜல்லியையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடு.

அன்புடன்,
கமலா