பசியாற்றினால் ஜனத்தொகை பெருகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேஷன் மானியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஏழைகளுக்கு இலவச அரிசி கொடுக்கக் கொடுக்க ஜனத்தொகைதான் பெருகும் என்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இந்தப் பேச்சு பழையது. அமெரிக்காவில் வில்லியம் பேடாக், பால் பேடாக் சகோதரர்கள் 1967-இலேயே, இந்தியாவைக் காப்பாற்ற முடியாது, உணவு அனுப்பிப் பயனில்லை என்று எழுதினார்கள். வறட்சியடித்த 1965-66-இல் நம் தானிய விளைச்சல் சுமார் 7.2 கோடி டன். கப்பலில் வந்த கோதுமையை நம்பி நாடு உலை வைத்த காலம் அது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமை விதை 18,000 டன் வந்து இறங்கியது. எங்கள் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் குறுவைப் பட்டத்தையே மாற்றியது. 2022-23-இல் விளைச்சல் ஏறக்குறைய 33 கோடி டன், நான்கரை மடங்கு. ஜனத்தொகையோ இன்னும் மூன்று மடங்கை எட்டவில்லை.

ஆனால் நெல் விளைந்த ஊரிலேயே பட்டினியும் இருந்தது. புது நெல் வந்திறங்கிய அதே கீழத்தஞ்சையில்தான் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் பசிக்கு ஜனத்தொகையா காரணம்?

எண்பதுகளில் இந்தப் பகுதியில் கிராமச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று பேச்செடுத்தாலே வயதான அம்மாக்கள், "பெத்ததுல எத்தனை தங்கும்னு உனக்குத் தெரியுமா நர்சம்மா?" என்று என் வாயை அடைத்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. பதில் சொன்னது தடுப்பூசியும், 1982-இல் விரிவுபடுத்தப்பட்ட பள்ளிச் சத்துணவும், ரேஷன் அரிசியும், வயசுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைகளும்தான். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக்கை வந்ததும், அதே அம்மாக்களின் மருமகள்கள் இரண்டோடு போதும் என்று தாங்களாகவே வந்து நின்றார்கள். யாரும் மிரட்டவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. கட்டுரையாளர் சொல்வதுபோல் சோறு போட்டால் ஜனத்தொகை பெருகும் என்றால், பள்ளியில் சோறு போடுவதில் முன்னே நின்ற மாநிலத்தில் எப்படி இது நடந்தது?

போர்லாக்கும் 1970 நோபல் உரையில், பசியை வென்றது தற்காலிக வெற்றிதான், ஜனத்தொகைப் பெருக்கத்தையும் அடக்கியாக வேண்டும் என்று எச்சரித்தார். அதை மறுக்கவில்லை. பூமிக்கும் தாங்கும் அளவு உண்டு. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கிறோம். எப்படி அடக்குவது என்பதில்தான் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை. நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டாயக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். ஜனங்களுக்கு அந்தத் திட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்ததுதான் மிச்சம்.

பீகாரில் அதே கணக்கெடுப்பு காட்டுவது ஒரு பெண்ணுக்கு 3.0 குழந்தை. அங்கே அரிசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். பெண்பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் உயர்நிலைப் பள்ளி கட்டச் சொல்லுங்கள், ஊருக்கு ஊர் செவிலியரை நியமிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.