சிட்டையும் பிவட் டேபிளும்

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். பிசான நடவுக்கு நாற்றங்கால் தயாராகிவிட்டது.

அலுவலகத்தில் எக்செல் பயிற்சிக்கு அனுப்பியிருப்பதாகவும், வரிவரியாக எழுதிய விவரத்தை வகைவாரியாகக் கூட்டித் தரும் பிவட் டேபிள் மட்டும் பிடிபடவில்லை என்றும் நேற்று போனில் வருத்தப்பட்டாய். அரிசி ஆலையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது உனக்குப் புதிதல்ல. தினமும் வரும் நெல்லைத் தேதி, ஊர், ரகம், எடை என்று நான் சிட்டையில், அதாவது தினக் குறிப்பேட்டில், எழுதுவதையும், மாதக் கடைசியில் ஊர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவதையும் சிறு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாய். பிவட் டேபிளில் ஊரை வரிசையிலும் ரகத்தைப் பத்தியிலும் எடையை மதிப்பிலும் இழுத்துவிட்டால், நான் இரண்டு இரவு விழித்துப் போட்ட கூட்டலை அது நொடியில் போட்டுத் தருகிறது.

ஆனால் சிட்டை, அதாவது நீ விவரங்களைத் தட்டும் தாள், சுத்தமாக இருக்க வேண்டும், அம்மா. ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு கார் பருவத்தில், சில வரிகளில் 'கல்லிடை' என்றும் சில வரிகளில் 'கல்லிடைக்குறிச்சி' என்றும் பதிந்துவிட்டேன். ஒரே ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றதைக் கவனிக்காமல், அங்கிருந்து வரத்து பாதியாகிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் அந்த ஊருக்கு வண்டி அனுப்புவதைக் குறைக்க, விவசாயிகள் இரண்டு வாரம் களத்தில் நெல்லுக்குக் காவல் கிடந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

எண்ணோடு 'கிலோ' என்று சேர்த்துத் தட்டினாலும் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும். அலகைத் தலைப்பில் மட்டும் எழுது. சிட்டையில் எதையாவது திருத்தினால் ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்காதே, பெரும்பாலான எக்செல் பதிப்புகளில் பிவட் தானாக மாறாது.

எக்செலில் வரைபடம் போட்டுப் பழக, நாளிதழில் வரும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை ஒரு மாதத்துக்குத் தட்டிப் பார். நாள்தோறும் ஏறி இறங்குவதைக் கோட்டு வரைபடம் நன்றாகக் காட்டும். இரண்டு நாட்களை ஒப்பிடப் பட்டை வரைபடம் போட்டால் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்கு. நூறில் தொடங்கினால் 120 அடிப் பட்டை 110 அடிப் பட்டையைப் போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும், 143 அடி அணையில் பத்து அடிதான் கூடியிருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலே போகும்.

பயிற்சித் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெயர்ப் பத்தியை முதலில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா